அறைக்கு ஒரு பிப்

பைத்தான் மொழி பிறந்தது 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில். ஆம்ஸ்டர்டாமில் சி.டபிள்யூ.ஐ. என்ற கணித ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கீடோ வான் ராஸம், ஆபீஸ் பூட்டிக் கிடந்த நாட்களில் பொழுது போகாமல் ஒரு கணினி மொழி எழுத உட்கார்ந்தார். லீவில் பொழுது போகாவிட்டால் நாம் பரண் மேல் ஏறிப் பழைய பேப்பரை இறக்குவோம். ஹாலந்துக்காரர்கள் சுபாவம் வேறு. மொழிக்கு வைத்த பெயரும் பாம்பைப் பார்த்து வைத்ததில்லை, பி.பி.சி.யில் கூத்தடித்த மான்ட்டி பைத்தான் காமெடிக் கோஷ்டியைப் பார்த்து வைத்தது. ஜாதகம் கணிக்கும்போதே யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மொழியைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பிப்பின் கதை. ஊரில் உள்ள பேக்கேஜுக்கெல்லாம் வெர்ஷன் பார்த்து, புதியதைக் கொண்டுவந்து வைத்து, பழையதைத் தூக்கி எறிவது பிப்பின் உத்தியோகம். அந்த பிப்புக்கே வயதாகிவிட்டால் அதை யார் புதுப்பிப்பது? எளிய கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் மகா புத்திசாலிகள் பதினைந்து வருடத்துக்கு மேல் முழி பிதுங்கியிருக்கிறார்கள்.

ஆதியில் பிப் இல்லை. பேக்கேஜ் என்ற ஒன்றே சரியாக இல்லை. நீங்கள் எழுதிய நிரலை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் அதைச் சுருட்டி ஒரு எஃப்.டி.பி. சர்வரில் போடுவீர்கள்; வாங்குகிறவர் அவிழ்த்து, சரியான ஃபோல்டரைக் கண்டுபிடித்து, உள்ளே வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொள்வார். 1998-இல் கிரெக் வார்டு என்பவர் இதை ஒழுங்குபடுத்தக் கிளம்பினார். டிஸ்ட்யூட்டில்ஸ் வந்தது. 2000-இல் பைத்தான் 2.0-வோடு சேர்ந்தே கிடைத்தது. இனிமேல் ஒவ்வொரு பேக்கேஜிலும் செட்டப்.பை என்று ஒரு ஃபைல் இருக்கும். அதை ஓட்டினால் பேக்கேஜ் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போகச் சொல்லத்தான் வழி இல்லை. இன்ஸ்டால் என்ற கமாண்ட் இருந்தது, அன்இன்ஸ்டால் இல்லை. வந்த விருந்தாளி திரும்பிப் போவார் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கே போய் உட்காரும்? சைட்-பேக்கேஜஸ் என்ற ஒரே ஒரு ஃபோல்டரில். அந்தக் கால திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடு மாதிரி: எத்தனை குடித்தனம் இருந்தாலும் குழாய் ஒன்று. யாராவது ஒருவர் குழாயை மாற்றினால் எல்லோர் குடத்திலும் வேறு தண்ணீர். ஒரு பேக்கேஜுக்கு ஒரு வெர்ஷன்தான் அங்கே இருக்க முடியும். பேக்கேஜ்கள் பத்து இருபது என்று இருந்தவரை சண்டை வரவில்லை.

2003-இல் ரிச்சர்ட் ஜோன்ஸ் பைபிஐ என்ற பொதுக் கிடங்கைத் திறந்தார். செல்லப்பெயர் சீஸ் ஷாப். மான்ட்டி பைத்தானின் ஒரு நாடகத்தில் ஒருவர் பாலாடைக்கட்டிக் கடைக்குப் போய் ஒவ்வொரு வகையாகக் கேட்பார். கடையில் ஒன்றுமே இருக்காது. பைபிஐ அந்தப் பெயருக்கு முழு விசுவாசமாக நடந்துகொண்டது. ஆரம்பத்தில் அங்கே பேக்கேஜ் எதுவும் கிடையாது. பெயர், விவரம், ‘சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது’ என்று ஒரு முகவரி, அவ்வளவுதான். சரக்கையே அங்கே வைக்கும் வசதி 2005-இல்தான் வந்தது.

நடுவில், 2004-இல், ஃபிலிப் ஈபி என்பவர் செட்டப்டூல்ஸ் எழுதினார். அதோடு வந்தது ஈஸி இன்ஸ்டால். பெயரிலேயே ‘ஈஸி’ என்று போட்டுக்கொண்டு வருகிற எதையும் நம்பக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். ஆனால் ஈஸி இன்ஸ்டால் ஒரு காரியத்தை அபாரமாகச் செய்தது. நீங்கள் ஒரு பேக்கேஜ் பெயர் சொன்னால் அது பைபிஐக்குப் போகும். அங்கே சரக்கு இல்லையென்றால் ஆசிரியரின் வீட்டுப் பக்கத்துக்கே போகும். அங்கே இருக்கும் சுட்டிகளில் எது பேக்கேஜ் மாதிரி தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவரின் வலைப்பக்கத்தில் துழாவி, கையில் கிடைத்ததை உங்கள் கணினியில் ஓட்டும். இன்று இதைச் செய்தால் செக்யூரிட்டி ஆடிட்டர் மயக்கம் போட்டு விழுவார். அன்று இதற்குப் பெயர் முன்னேற்றம். கொண்டுவந்ததை முட்டை என்ற வடிவில் அடைகாத்து வைக்கும். முட்டையை அகற்ற வேண்டுமானால்? நீங்களே கையால் ஃபோல்டரைத் தேடி அழித்துக்கொள்ளலாம் என்று அதன் கையேடே பெருந்தன்மையோடு சொன்னது.

இந்த நிலையில்தான் பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ வந்து சேர்ந்தது. 0.96-இல் எழுதிய வலைத்தளம் 2008-இல் வந்த 1.0-வில் ஓடாது. ஒரே கணினியில் பழைய வாடிக்கையாளருக்கு 0.96 வேண்டும், புது வாடிக்கையாளருக்கு 1.0 வேண்டும். குழாய் ஒன்று. குழாயடிச் சண்டை தொடங்கியது.

சண்டை முற்றும் முன்பே மருந்து கண்டுபிடித்தவர் இயன் பிக்கிங். 2007-இல் அவர் விர்ச்சுவல்என்வ் எழுதினார். யோசனை இதுதான்: ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தனி அறை, அதாவது ஒரு தனி ஃபோல்டர், அதற்குள் ஒரு பைத்தான், ஒரு தனி சைட்-பேக்கேஜஸ். உள்ளே நுழைய ‘ஆக்டிவேட்’ என்று ஒரு ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் ஏதோ மாந்திரீகம் செய்கிறது என்று இன்றும் பலர் பயபக்தியோடு இருக்கிறார்கள். அது செய்வதெல்லாம், கமாண்ட் தேடும் பட்டியலில் இந்த ஃபோல்டரை முதல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். பந்திக்கு முந்துகிறது, அவ்வளவே.

மறுவருடம், 2008-இல், அதே பிக்கிங் ஈஸி இன்ஸ்டாலைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் பிப்பையும் எழுதினார். முதலில் பைஇன்ஸ்டால் என்றுதான் பெயர், சில நாளில் பிப் ஆனது. அன்இன்ஸ்டாலும் சீக்கிரமே வந்தது. மனித குலம் முதல்முறையாக ஒரு பைத்தான் பேக்கேஜை வாசல் வரை கொண்டுபோய் வழியனுப்பியது.

வினையும் இங்கேதான் விதைக்கப்பட்டது. பிப் பைத்தானில் எழுதிய நிரல். எந்தப் பைத்தானுக்குள் ஓடுகிறதோ அந்தப் பைத்தானின் சைட்-பேக்கேஜஸில்தான் சரக்கு இறக்கும். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் ஒரு பிப் வேண்டும். அறை கட்டும்போதே ஒரு பிப்பையும் உள்ளே குடிவைத்துவிடுவார்கள். பத்து திட்டம் என்றால் பத்து பிப். பத்துக்கும் பத்து வயது, ஏனென்றால் பத்து அறையையும் பத்து வேறு வேறு காலத்தில் கட்டினீர்கள். ஒன்றைப் புதுப்பித்தால் மற்ற ஒன்பதுக்கும் செய்தி போகாது. அறைகளைப் பிரித்ததே ஒருவர் விவகாரம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்றுதானே. மருந்து பிரமாதமாக வேலை செய்தது; கொடுத்த வைத்தியரையும் சேர்த்துத் தனித்தனி அறையில் அடைத்துவிட்டது.

இந்த பிப்பைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பாருங்கள், வேடிக்கை தெரியும். அறைக்குள் இருக்கும் பிப் ஸ்கிரிப்டின் முதல் வரியில், தன்னை ஓட்ட வேண்டிய பைத்தான் எங்கே இருக்கிறது என்று முழு முகவரி எழுதியிருக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் பைத்தான் உங்களோடு வந்துவிடும். பிப் மட்டும் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய முகவரியில் நீங்கள் இன்னொரு அறை கட்டியிருந்தால் இன்னும் விசேஷம்: இங்கே நின்று கமாண்ட் கொடுப்பீர்கள், பேக்கேஜ் அங்கே போய் இறங்கும். இன்ஸ்டால் வெற்றி என்று செய்தி வரும். இம்போர்ட் செய்தால் அப்படி ஒன்று இல்லை என்று பைத்தான் சத்தியம் செய்யும். இரண்டும் சொல்வது உண்மை.

2011 பிப்ரவரியில் பிப், விர்ச்சுவல்என்வ் இரண்டையும் பிக்கிங்கிடமிருந்து கார்ல் மேயர், பிரையன் ரோஸ்னர், யானிஸ் லைடல் ஆகியோர் ஏற்றுக்கொண்டார்கள். கோஷ்டிக்கு ‘பைத்தான் பேக்கேஜிங் அத்தாரிட்டி’ என்று பெயர். பரிசீலனையில் இருந்த இன்னொரு பெயர் ‘மினிஸ்ட்ரி ஆஃப் இன்ஸ்டலேஷன்’. அதையே வைத்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட வருத்தம். ஒரு அமைச்சகம் என்ற பிறகு, மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க நமக்கும் பழக்கம்தான்.

2012-இல் பைத்தான் 3.3 வந்தபோது விர்ச்சுவல்என்வின் சாரத்தை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். பெயர் வென்வ். பெரிய அறிவிப்பு, பெரிய மகிழ்ச்சி. அறையைத் திறந்து பார்த்தால் உள்ளே பிப் இல்லை! பேக்கேஜ்களைத் தனியாக வைக்க அறை கட்டிக் கொடுத்தாயிற்று. பேக்கேஜ் கொண்டுவருகிற ஆளை நீங்களே வெளியில் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது. 2014-இல் பைத்தான் 3.4-இல் என்ஷ்யூர்பிப் வந்தது.

என்ஷ்யூர்பிப் என்பது ஊறுகாய் ஜாடி என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் உவமைக்கு ஸ்டோர் வீட்டிலேயே கணக்கு முடிந்துவிட்டது. நேராகவே சொல்கிறேன். பைத்தானை வெளியிடும் நாளில் எந்த பிப் புதிதோ அதை அந்தப் பைத்தானுக்குள்ளேயே வைத்து மூடிவிடுவார்கள். நீங்கள் வென்வ் கட்டும்போது அந்த பிப்தான் வெளியே வரும். இணையத்துக்குப் போய்ப் புதியது இருக்கிறதா என்று பார்க்காது. பார்க்கக் கூடாது என்பதே ஏற்பாடு, இணையம் இல்லாத இடத்திலும் அறை கட்ட முடிய வேண்டுமே. ஆக, இரண்டு வருடம் முன் இறக்கிய பைத்தானில் இன்று காலை கட்டிய புத்தம் புதிய அறையில் இருப்பது இரண்டு வருடப் பழைய பிப். என்ஷ்யூர்பிப்புக்கே அப்கிரேட் என்று ஒரு வசதி உண்டு. அது தன்னிடம் உள்ள அதே பழைய பிப் வரைதான் உங்களை உயர்த்தும்.

அதே 2014 டிசம்பரில் பிப் 6.0 வந்தது. அதற்கு முந்தைய வெர்ஷன் 1.5.6. நடுவில் இருந்த நான்கு வெர்ஷன் எங்கே என்று கேட்காதீர்கள். முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைத் தூக்கிப்போட்டுவிட்டார்கள். இந்த 6.0-வில்தான் பிப் வாய் திறந்து பேசக் கற்றுக்கொண்டது. ‘நீ வைத்திருப்பது பழைய பிப், புதியது வந்திருக்கிறது, இந்தக் கமாண்டைக் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்’ என்று மஞ்சள் எழுத்தில் ஒரு நினைவூட்டல். உலகத்தின் பைத்தான் நிரலாளர்கள் அதிகமாகப் படித்த வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும், எவரும் பொருட்படுத்தாத வாக்கியமும் இதுதான். புதிய வெர்ஷன் உண்டா என்று வாரம் ஒருமுறை பைபிஐயைக் கேட்கும். ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாகக் கேட்கும். நீங்கள் ஓர் அறையில் புதுப்பித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனால் அங்கே அதே புலம்பல் முதலிலிருந்து.

சரி, சொன்னபடி கேட்போம் என்று கமாண்டைக் கொடுத்தவர்கள் கதை சோகமானது.

விண்டோஸில் முதல் அடி. ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை அழிக்க விண்டோஸ் விடாது. பிப்.இஎக்ஸ்இ ஓடிக்கொண்டே பிப்.இஎக்ஸ்இயை அழிக்கப் பார்க்கும், அனுமதி மறுப்பு. சில சமயம் பாதி அழித்த பிறகு மறுப்பு. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியவர் கதையில் அவர் கீழே விழுந்தார். இங்கே கிளை பாதி வெட்டுப்பட்டு நிற்கும், ‘பிப் என்று ஒரு மாட்யூல் இல்லை’ என்று அறிக்கை வரும். அதனால்தான் பிப்பை நேராகக் கூப்பிடாமல் ‘பைத்தான் மைனஸ் எம் பிப்’ என்று சுற்றி வளைத்துக் கூப்பிடச் சொல்கிறார்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறோமோ அதன் பிப்தான் வரும் என்ற உத்தரவாதமும் அதில் கிடைக்கிறது. நல்ல யோசனை. ஒருவரும் செய்வதில்லை.

இன்னொரு ஆபத்தை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள், அதற்குப் பாராட்டு. பிப் இணையத்தோடு பேச ரிக்வெஸ்ட்ஸ் என்ற பேக்கேஜை நம்பியிருக்கிறது. அறையில் உள்ள ரிக்வெஸ்ட்ஸை நீங்கள் கெடுத்துவிட்டால் பிப்பும் கெட்டுவிடும். பிப் கெட்டால் ரிக்வெஸ்ட்ஸைச் சரிசெய்ய ஆள் இல்லை. ஆகவே பிப் தனக்கு வேண்டியதையெல்லாம் தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. பத்து அறையில் பத்து பிப், பத்து மூட்டை.

பெரிய அடி 2018 ஏப்ரலில் விழுந்தது. உபுண்டு 16.04-இல் வந்த பிப்பின் வெர்ஷன் 8.1.1. அதுவும் வழக்கம்போல் ‘புதியது வந்திருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் வந்த புதியது 10.0. அந்த வெளியீட்டில் பிப் ஆசிரியர்கள் தங்கள் உட்புறச் சாமான்களையெல்லாம் ‘இன்டர்னல்’ என்ற உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். வெளியாட்கள் கைவைக்கக் கூடாது என்று எத்தனையோ காலமாகச் சொல்லிப் பார்த்து, யாரும் கேட்காததால் எடுத்த முடிவு. நியாயம் அவர்கள் பக்கம். ஆனால் உபுண்டுக்கும் டெபியனுக்கும் சொந்தமான ஒரு சின்ன ஸ்கிரிப்ட், பிப் என்று தட்டினால் முதலில் ஓடுவது, பழைய கூடத்துக்குப் போய் ‘மெயின்’ எங்கே என்று தேடியது. அவர்தான் உள்ளறைக்குப் போய்விட்டாரே. பிப் சொன்ன யோசனையைப் பிப்பிடமே நிறைவேற்றிய பலருக்கும் அடுத்த வினாடி ‘மெயினை இம்போர்ட் செய்ய முடியவில்லை’ என்று பதில் வந்தது. பிறகு பிப் என்று நேராகத் தட்டி எதுவும் செய்ய முடியாது. அப்படித் தட்டி பிப்பைப் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. பல மாதம் உலகெங்கும் இதே ஒப்பாரி. கடைசியில், 2019-இல், வாசலில் ஒரு பொம்மை மெயினை நிறுத்தினார்கள்: பழைய ஸ்கிரிப்ட் வந்து கேட்டால் முதலில் திட்டுவார், பிறகு வேலையைச் செய்து கொடுப்பார். அரசு அலுவலகத்தில் பழகியவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

அந்த ஏப்ரல் கடைசியில் எக்ஸ்கேசிடி கார்ட்டூன் வரைகிற ராண்டல் மன்ரோ ஒரு கணினிக்குள் இருக்கும் பைத்தான்களின் வரைபடத்தைப் போட்டார். பிப், ஈஸி இன்ஸ்டால், அனகோண்டா எல்லாவற்றுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறிகள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பிப், பக்கத்தில் கேள்விக்குறிகள். சிரிப்பதற்காக வரைந்ததை மக்கள் தங்கள் கணினியின் நகலாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் ஜூலையில் பிப் 10-க்கு அடுத்து 18 வந்தது. நாள்காட்டிப்படி எண் வைக்கிறார்களாம்.

அடுத்த கலாட்டா 2021 ஜனவரியில். பிப் 21.0 பைத்தான் 2.7-ஐயும் 3.5-ஐயும் கைவிட்டது. 2.7-க்கு ஒரு வருடம் முன்பே காரியம் முடிந்துவிட்டதால் இதில் தப்பு ஒன்றும் இல்லை. எந்தப் பைத்தானுக்கு எது பொருந்தும் என்று பேக்கேஜே சொல்லும் ஏற்பாடும் இருந்தது. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த முதல் பிப் 2016-இல் வந்த 9.0. எங்கோ ஒரு சர்வரின் மூலையில், யாரும் எட்டிப் பார்க்காத அறையில், அதைவிடப் பழைய பிப் ஒன்று இருந்தால்? எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவர், ‘அப்கிரேட்’ என்றதும் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பார்த்து 21-ஐக் கொண்டுவந்து தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வந்தவர் பேசியது பைத்தான் 3.6-இன் பாஷை. அறையின் பைத்தான் 2.7-க்கு அது புரியவில்லை. எந்தக் கமாண்ட் கொடுத்தாலும் ‘சிண்டாக்ஸ் எரர்’. மீட்க வேண்டிய கெட்-பிப் ஸ்கிரிப்டும் புதிய பாஷைக்கு மாறியிருந்தது, 2.7-க்கென்று தனியாக ஒன்று வைத்த முகவரியைத் தேடிப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். பழையதைப் புதுப்பித்தால் ஆபத்து, புதுப்பிக்காமல் விட்டாலும் இன்னொரு நாள் ஆபத்து. இந்தப் பாடத்தை அதிகம் கற்றவர்கள் நல்ல பிள்ளையாக எல்லா அறையிலும் லூப் போட்டு ஒரே ராத்திரியில் பிப்பை ஏற்றிய நிர்வாகிகள்தான்.

இவ்வளவும் தனி அறைக்குள். அறையே கட்டாமல், சூடோ போட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சொந்தப் பைத்தானிலேயே பிப்பை ஓட்டியவர்கள் சரித்திரம் தனி. சென்ட்ஓஎஸ்ஸின் பேக்கேஜ் மேனேஜரான யம் பைத்தானில் எழுதியது. பைத்தானைப் புதிதாக்குகிறேன் என்று கணினியின் பைத்தானையே மாற்றினவர்களுக்கு யம் செத்தது. யம் செத்தால் பைத்தானைத் திரும்ப வைக்க யம் வேண்டும். சென்ட்ஓஎஸ்ஸின் தாய்வீடான ரெட் ஹாட்டில் இதைப் பார்த்தார்கள். 2019-இல் வந்த எட்டாம் பதிப்பில் தங்களுக்கென்று ஒரு பைத்தானை லிப்எக்ஸெக் என்ற பின்கட்டில், யாரும் தேடிப்போகாத இடத்தில் ஒளித்து வைத்துவிட்டார்கள். நகையை அரிசிப் பானையில் வைக்கிற புத்தி.

டெபியன் வேறு வழியில் போனது. அவர்கள் முதலில் என்ஷ்யூர்பிப்பைப் பைத்தானிலிருந்து கழற்றி வேறு பேக்கேஜில் வைத்தார்கள். மொழியோடு பிறந்த வென்வை ஓட்டினால், ‘இன்னொரு பேக்கேஜையும் போட்டுவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பும். பிறகு 2023-இல் டெபியன் 12-இல் இன்னும் ஒரு படி. கணினியின் பைத்தானில் பிப் இன்ஸ்டால் என்று தட்டினால் ‘இது வெளியார் நிர்வாகத்தில் உள்ள இடம்’ என்று மறியல். ஒரு அறை கட்டிக்கொண்டு அங்கே போய் எதையாவது செய் என்று அறிவுரை. கீழே பொடி எழுத்தில் ஒரு வழியும் சொல்லியிருக்கும்: இல்லை, இங்கேதான் வேண்டும் என்றால் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற கொடியைச் சேர்த்துக்கொள். இதை எழுதியவரை நான் மதிக்கிறேன். குதிக்காதே என்று போர்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே ஏணியும் வைத்திருக்கிறார், ஏணிக்கு ‘காலை உடைத்துக்கொள்’ என்று பெயரும் எழுதிவிட்டார். அந்தக் கொடியை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

கான்டாவைப் பற்றி ஒரு பத்தி போதும். 2012-இல் விஞ்ஞானிகளுக்காக வந்த அந்த முகாமில் பேக்கேஜ் மேனேஜர் ஒவ்வொரு அறையிலும் கிடையாது. ‘பேஸ்’ என்ற தலைமை அறையில் மட்டும். ஒரு இடத்தில் புதுப்பித்தால் எல்லா அறைக்கும் ஆயிற்று. சரியான தீர்வு அவர்களிடம் அப்போதே இருந்தது! அந்தப் புதுப்பிப்பு முடியும்வரை உட்கார்ந்திருக்கத்தான் ஆயுள் போதவில்லை. ‘சால்விங் என்விரான்மென்ட்’ என்று ஒரு கோடு சுற்றும். நீங்கள் காபி குடித்துவிட்டு வரலாம், கல்யாணத்துக்குப் போய்விட்டு வரலாம். 2023-இல் வேகமான புதிய சால்வரை முதன்மையாக்கினார்கள். அதற்குள் பலர் பேஸிலேயே எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்யப் பழகிவிட்டிருந்தார்கள்.

பிப் கோஷ்டியும் சும்மா இருக்கவில்லை. 2020-இல் பைத்தான் 3.9-இல் வென்வுக்கு ‘அப்கிரேட் டெப்ஸ்’ என்ற கொடி வந்தது: அறை கட்டும்போதே பைபிஐக்குப் போய்ப் புதிய பிப்பைக் கொண்டுவந்து வைக்கும். ஏற்கனவே ‘அப்கிரேட்’ என்று வேறொரு கொடி இருந்தது. அது அறையின் பைத்தானை மாற்றுமே தவிர பிப்பைத் தொடாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் தட்டினவர்கள், வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார்கள். பைபெக்ஸ் என்ற கருவி இன்னும் சாமர்த்தியம்: எத்தனை அறை இருந்தாலும் பொதுவில் ஒரே பிப்பை வைத்து எல்லா அறையிலிருந்தும் அதை எட்டிப் பார்க்கச் செய்கிறது. 2022 அக்டோபரில் வந்த பிப் 22.3 எல்லாவற்றுக்கும் மேல். ‘பைத்தான்’ என்று ஒரு கொடி. அதில் எந்த அறை என்று சொன்னால், வெளியே நிற்கும் ஒரே பிப் அந்த அறைக்குள் சரக்கு இறக்கிவிடும். அறைக்குள் பிப்பே தேவையில்லை. பிறந்து பதினான்கு வருடம் கழித்து, தான் எல்லா அறையிலும் இருக்க வேண்டியதில்லை என்பது பிப்புக்குத் தெரிந்தது. இந்தச் செய்தி இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் எப்போதும்போல அறையை அழித்துவிட்டு, ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை வைத்து மறுபடி கட்டிக்கொள்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அதுதான் இருப்பதிலேயே உத்தமமான அப்கிரேட்.

பிறகு 2024 பிப்ரவரியில் யுவி வந்தது. ஆஸ்ட்ரல் என்ற கம்பெனி ரஸ்ட் மொழியில் எழுதியது. பைத்தானுக்கு வெளியே நிற்கும் ஒரே ஒரு நிரல். எந்த அறையிலும் குடியேறாது. ‘யுவி செல்ஃப் அப்டேட்’ என்றால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வேகம் கண் இமைக்கிற நேரம். பைத்தான் பேக்கேஜ்களைச் சரியாக நிர்வகிக்க ஒரே வழி பைத்தானில் எழுதாமல் இருப்பதுதான் என்று ஆகிவிட்டதில் பைத்தான்காரர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கலாம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

யுவி கட்டும் அறையில் பிப் கிடையாது. 2012-இல் இதைத்தான் குறை என்று சொன்னோம். இப்போது இதுவே நவீனம். பழக்க தோஷத்தில் அந்த அறைக்குள் நின்று பிப் என்று தட்டுகிறவர்களுக்கு அறையில் பிப் இல்லாததால் வெளியே கணினியின் பிப் ஓடி வருகிறது. டெபியனாக இருந்தால் அது ‘வெளியார் நிர்வாகம்’ என்று மறியல் செய்கிறது. ‘அறைக்குள்தானே இருக்கிறேன்!’ என்று இவர்கள் கத்துகிறார்கள். இந்தக் கூச்சலைக் கேட்டோ என்னவோ, யுவியிலும் ‘சீட்’ என்று ஒரு கொடி இருக்கிறது. அதைச் சேர்த்தால் அறையில் பழையபடி ஒரு பிப் உட்கார்ந்திருக்கும். அது தெரியாதவர்கள் ‘யுவி பிப் இன்ஸ்டால் பிப்’ என்று தட்டுகிறார்கள். அதுவும் வேலை செய்கிறது.

ஆனால் பிப்பின் நிரலில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. தன்னை இன்ஸ்டால் செய்தது பிப்தானா என்று பார்க்கும். வேறு யாராவது கொண்டுவந்து வைத்திருந்தால் ‘புதியது வந்திருக்கிறது’ என்று சொல்லாது, அது கொண்டுவந்தவர் பாடு. யுவியோ தான் வைத்த ஒவ்வொரு பேக்கேஜிலும் ‘வைத்தது யுவி’ என்று எழுதிவிடுகிறது. ஆகவே அந்த அறைகளில் உள்ள பிப்கள் மட்டும் எத்தனை வருடம் ஆனாலும் வெர்ஷன் பேச்சை எடுப்பதில்லை. மஞ்சள் எழுத்து எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதாகவும் தெரியவில்லை.